உங்க பல் பட்ட ஓலை

அருளோட அப்பாவுக்கு, ஆசையும் கோவமும் சரிபாதியா வச்சுக்கிட்டு லூர்து எழுதறது.

உங்க பேரை எழுதாம ஆரம்பிக்கிறேன்னு படிக்கறவங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும். தாலி ஏறின நாள்ல இருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதும் இல்ல, கையால எழுதினதும் இல்ல. ரேஷன் கடையில வீட்டுக்காரர் பேர் என்னன்னு கேட்டா, வரிசையில பின்னாடி நிக்கறவங்களைத்தான் திரும்பிப் பார்ப்பேன். மத்தவங்க பேரெல்லாம் எனக்கு நல்லாவே எழுத வரும். அன்னைக்கு அங்க யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல கேட்டுக்குங்க.

நம்ம மகன் அருள், பால்கனிக் கதவுகிட்ட, கையில கார் சாவியோட. அவன் சம்சாரம் ஷீபா, அடுப்புப் பக்கம். பேத்தி ஜெனி, தரையில உக்காந்து முட்டைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு. ஷீபாவோட சிநேகிதி கலா, யாழ்ப்பாணத்துக்காரி, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவ. அப்புறம் நான், நாற்காலி மேல. வேற யாரும் இல்ல. இதுல ஒருத்தர்தான் எடுத்திருக்கணும்.

குருத்தோலை ஞாயிறு. ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னாடி, ஜெர்மனியில அருள் வீடு. சுவத்துல இருக்கற திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னாடி, நீங்க கடைசியா மடிச்ச ஓலைச் சிலுவை இருக்கணும். கையை விட்டுத் துழாவினேன். ஒட்டடைகூட இல்ல.

அந்தச் சிலுவை அங்க எப்படிப் போச்சுன்னு நீங்க கேட்பீங்க. நீங்க போனப்புறம் அருள் என்னைத் தனியா விட மாட்டேன்னான். பொங்கல் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போனான். மகன் கூப்பிட்டான், கிழவி பறந்துட்டான்னு பட்டினப்பாக்கம் முழுக்கப் பேச்சு. நான் போனது மகனுக்காக மட்டும் இல்ல. ஓலையைக் காப்பாத்தத்தான் போனேன்.

பிலோமினாவைச் சொல்றேன். மீன் கடை பிலோமினா. சாம்பல் புதனுக்கு முன்னாடி, போன வருஷத்துக் குருத்தோலையை வீட்டு வீட்டுக்கு வாங்கி, கோயில்ல குடுத்து எரிச்சு, அந்தச் சாம்பலைத்தானே எல்லார் நெத்தியிலயும் பூசறாங்க? அந்த ஓலையை வசூல் பண்ணினது நீங்க. பஸ்ஸுல டிக்கெட் டிக்கெட்னு கத்தின அதே தொண்டையில "ஓலை, ஓலை"ன்னு சாக்கோட தெருவுல வருவீங்க. ஒரு வீடு விட மாட்டீங்க. ரிட்டையர் ஆனாலும் கண்டக்டர் புத்தி போகல. உங்களுக்கப்புறம் அந்தச் சாக்கை யார் எடுத்தா தெரியுமா? பிலோமினா. தானா கேட்டு வாங்கிக்கிட்டா.

எனக்கு அப்பவே சந்தேகம். அவ மகன் கடலுக்குப் போய்த் திரும்பலையே, அந்த வருஷம் அவன் மடிச்ச சிலுவையை அவ அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா. நீங்க கண்டுபிடிச்சுக் கேட்டு வாங்கினீங்க. அவ அழுதா, நீங்க சாக்கைப் பிரிச்சுப் பிடிச்சுக்கிட்டு அசையாம நின்னீங்க. நான் உங்களுக்குப் பின்னாடி நின்னேன். வீட்டுக்கு வந்து உங்ககூடச் சண்டை போட்டேன். "ஓலை பானைக்குள்ள இருந்தா அவ ஒருத்திக்குத்தான் அவன். எரிச்சா இந்தத் தெருவுல எல்லார் நெத்தியிலயும் அவன் இருப்பான், லூர்து"ன்னீங்க. எனக்கு அந்தப் பதில் அன்னைக்கும் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல.

பொங்கலுக்கு முன்னாடி மீன் வாங்கப் போறேன். பிலோமினா கத்தியைக் கீழ வச்சுட்டுக் கேக்கறா, "இன்னா லூர்து, அண்ணன் மடிச்ச ஓல பத்திரமா கீதா? எட்த்து வை. புதனுக்கு முன்னாடி நானே வந்து வாங்கிக்கினு போறேன்."

கேட்டுட்டுச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு எதுக்கு? நீங்களே சொல்லுங்க. வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கிட்டே இத்தனை வருஷம் எனக்காகக் காத்திருந்த மாதிரி ஒரு சிரிப்பு.

அதான் செபப் புத்தகத்துக்குள்ள சிலுவையை வச்சு, புத்தகத்தைத் துண்டுல சுத்தி, துண்டைக் கைப்பையில திணிச்சு எடுத்துட்டுப் போனேன். ஏர்போர்ட்டுல பையைத் திற திறன்னான் ஒருத்தன். அவனையும் பார்த்து வச்சிருக்கேன்.

அந்த ஓலை மேல எனக்கு ஏன் அவ்வளவு பிடிப்புன்னு படிக்கறவங்களுக்குத் தெரியாது. உங்களுக்கே தெரியுமோ என்னவோ. நீங்க மடிக்கும்போது கடைசி நுனியை விரலால இழுக்க மாட்டீங்க, பல்லால கடிச்சு இழுப்பீங்க. உங்க முன்பல் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினது. பச்சை ஓலையில ரெண்டு சின்னப் பள்ளம் விழும். காய்ஞ்சதும் அது இன்னும் நல்லாத் தெரிஞ்சது. விரலை வச்சா தட்டுப்படும். உங்க சட்டை இருக்கு, செருப்பு இருக்கு, படம் இருக்கு. எதுல உங்க பல் இருக்கு?

அருள் வீட்டுக்குப் போனதும் சிலுவையை அவன்கிட்டக் குடுத்து, படத்துக்குப் பின்னாடி வைக்கச் சொன்னேன். எனக்கு எட்டாத உசரம். அவன் ஏறி வச்சான். தினமும் அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னு செபம் சொல்லுவேன். அந்த ஊர்ல நான் நம்பினது அந்தப் படத்துக்குப் பின்னாடி இருந்த ஒண்ணைத்தான்.

மத்தது எதையும் நம்பல. எப்படி நம்பறது? அங்க மீனுக்குத் தலை இல்ல. வெள்ளையா ஒரு துண்டம், அதுக்குக் கண்ணும் இல்ல, செதிலும் இல்ல, செவுளும் இல்ல. கண்ணைப் பார்க்காம இது எப்பப் பிடிச்சதுன்னு எவனுக்குத் தெரியும்? "ஃப்ரெஷ்தான் அத்தை"ன்னா ஷீபா. யார் சொன்னதுன்னு கேட்டேன். டப்பா மேல எழுதியிருக்காம். பிடிச்சவனே பொய் சொல்லுவான், டப்பா சொல்லாதா?

குளிர் விட்டு வசந்தம் வந்துச்சு. அதுவும் ஒரு தினுசா வருது. இலையே இல்லாத மரத்துல பூ மட்டும் பொங்கி வழியுது. இலையில்லாத பூவை நம்ம ஊர்ல கட்டின மாலையிலதான் பார்ப்போம். லேசா வெயில் வந்தா எல்லாரும் பெஞ்சுல உக்காந்து, கண்ணை மூடி, மூஞ்சை சூரியனுக்குக் காட்டறாங்க. நம்ம வெயிலுக்கு அனுப்பி வச்சா தெரியும் சேதி. ஒரு ஞாயித்துக்கிழமை எழுந்தா கடிகாரத்துல ஒரு மணி நேரம் காணோம். "வெயில் காலம் வருதுன்னு கவர்மெண்டே கடிகாரத்தை மாத்திடுச்சு பாட்டி"ன்னு ஜெனி சிரிக்கறா. கோயிலுக்குப் போற வழியில ஒரு வீட்டுச் செடி முழுக்கக் கலர் கலரா முட்டை தொங்குது. யாருக்கோ எதையோ வச்சுட்டாங்கன்னு சிலுவை போட்டுக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமா நடந்தேன். ஈஸ்டருக்கு அழகாம்!

சாம்பல் புதனைச் சொல்லிடறேன், அதுதான் முக்கியம். வசந்தம் வர்றதுக்கு முன்னாடி அது. அந்த வாரம் முழுக்க எனக்கு இருமல். முந்தின ஞாயித்துக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகல. ஆனா புதன்கிழமை அருள் விடமாட்டேன்னுட்டான். "இன்னைக்கு நீ கண்டிப்பா வரணும்மா." சுவெட்டர், கோட்டு, காதை மூடற கருநீலக் கம்பளிக் குல்லா, எல்லாத்தையும் மாட்டி மூட்டை மாதிரி கூட்டிட்டுப் போனான். பாதிப் பெஞ்சு காலி. பாடறவங்களும் பக்கத்து ஆளுக்குக் கேட்காத மாதிரிப் பாடறாங்க. சாமியார் வயசானவர், கை நடுங்குது, எனக்கு மட்டும் அள்ளி அப்பிட்டார். மூக்கு மேலெல்லாம் கொட்டுச்சு. வெளிய வந்ததும் அருள் குல்லாவை நெத்தி வரைக்கும் இழுத்து விட்டான். வீட்டுக்கு வந்து கழட்டினா, உள்பக்கம் பூராச் சாம்பல். "குடுங்க அத்தை, மெஷின்ல போடறேன்"ன்னா ஷீபா. நான் தரல. அந்த மெஷின் ஜெனியோட சாக்ஸ் ஒண்ணை முழுங்கிட்டு இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தரல.

இதெல்லாம் நடந்தப்புறம்தான் குருத்தோலை ஞாயிறு. அங்க ஓலைக்குப் பதிலா ஒரு குச்சி குடுத்தாங்க. குச்சி நெடுக, பூனைக்குட்டி பாதம் மாதிரி மெத்து மெத்துன்னு சாம்பல் நிறத்துல மொட்டு. தொட்டா மயிர் மாதிரி இருக்கு. குச்சின்னாலும் மந்திரிச்சதுதானேன்னு கொண்டு வந்தேன். படத்துக்குப் பின்னாடி செருகணும், அப்படியே உங்க சிலுவையைத் தொட்டுப் பார்க்கணும். "நான் அப்புறம் வைக்கிறேன்மா"ன்னான் அருள். எனக்குப் பொறுக்கல. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிட்டேன்.

காணோம்.

"யாரு எடுத்தது?"ன்னேன், மேல இருந்தபடியே.

"அம்மா, என்னத்தைத் தேடுறியள்?"ன்னு கலா கேட்டா.

நான் சொல்லல. எடுத்தவங்களுக்குத் தெரியும், எடுக்காதவங்களுக்கு எதுக்குத் தெரியணும்? ஒவ்வொரு மூஞ்சா பார்த்தேன். ஜெனி முட்டையில இருந்து கண்ணை எடுக்கல. கலா அப்பளத்தைக் கடிச்சா. அருள் குனிஞ்சு செருப்பை மாட்டினான். ஷீபா மட்டும்தான் என்னை நேரா பார்த்தா. அப்ப அவதான்னு முடிவு பண்ணிட்டேன். தப்பு செஞ்சவங்கதானே அப்படித் தைரியமாப் பார்ப்பாங்க?

அதுவும் இல்லாம அவ புராட்டஸ்டண்ட் வீட்டுப் பொண்ணு. கல்யாணத்தப்பவே நான் சொன்னேன், இவங்களுக்குப் படம் ஆகாது, சுரூபம் ஆகாதுன்னு. நீங்க என்ன சொன்னீங்க? "ஆண்டவர் ஒருத்தர்தான், நீ சாம்பாரைப் பாரு"ன்னீங்க. எனக்கு மறக்கல.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனதும் கீழ இறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். அங்க ஒவ்வொரு குப்பைக்கு ஒவ்வொரு கலர்ல தொட்டி. காய்ஞ்ச இலை தழைக்குக் காப்பிக் கலர். முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிளறினேன். முட்டை ஓடு, காப்பித் தூள், யார் வீட்டுச் செடியோ. மேல் மாடி ஜன்னல்ல ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்னு பார்க்கறா. பாருன்னு நானும் முறைச்சேன். சாயங்காலம் ஜெனி ஓடி வந்து சொல்றா, "பாட்டி, மேல் வீட்டு ஆன்ட்டி கேக்கறாங்க, உங்க பாட்டிக்குப் பசிக்குதான்னு."

அந்த அவமானமும் சேர்ந்துக்கிச்சு. ஷீபாகிட்ட நேரா கேட்டுட்டேன். "உங்க மாமனார் மடிச்ச ஓலையை எங்க போட்ட?"

அவ அழல, சத்தமும் போடல. உள்ள போய் அவளோட பைபிளை எடுத்துட்டு வந்து பிரிச்சா. நடுவுல ஒரு ஓலைச் சிலுவை. "இது எங்க அப்பா மடிச்சது அத்தை. அவர் போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷம் ஆச்சு. நான் ஏன் உங்களோடதை எடுக்கப் போறேன்?"

நல்ல மாமியாரா இருந்தா அப்பவே மனசு இளகியிருக்கும். நான் அதைக் கையில வாங்கி, நுனியைத் தடவிப் பார்த்தேன். பள்ளம் இல்ல. உங்களோடது இல்ல. திருப்பிக் குடுத்தேன். நான் எதைத் தடவிப் பார்த்தேன்னு அவளுக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறம் சாப்பாடு போடுவா, மாத்திரை எடுத்து வைப்பா, வாய் மட்டும் திறக்க மாட்டா. பெரிய வாரம் முழுக்க வீட்டுல கோயில் மாதிரி அமைதி. அருளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ சொல்லலை. அதை நான் கவனிச்சேன்.

பெரிய வெள்ளி அன்னைக்குச் சிலுவைக்கு முத்தம் குடுத்து முத்தி பண்ணிட்டு வெளிய வர்றோம். கலா என் கையைப் பிடிச்சா. "அம்மா, உங்கட முகமே சரியில்லை. என்ன பிரச்சினை?" அப்பத்தான் மனசு தாங்காம ஓலையைக் காணோம்னு சொன்னேன். அவ நின்னுட்டா.

"ஓலையோ? அதை உங்கட மகன்தானே கொண்டு வந்து குடுத்தவர்? சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, பழைய ஓலை போடுற கூடைக்குள்ள வச்சவர். நான் கண்டனான் அம்மா. வச்சிட்டு நெடுநேரம் அதிலயே நிண்டவர்."

காருக்குப் போக மாட்டேன்னேன். அருள் கூடவே நடந்து வந்தான். ஆத்தோரமா வழி, ரெண்டு பக்கமும் அந்த இலையில்லாத வெள்ளைப் பூ மரம். காத்துல பூ உதிர்ந்து அவன் தலையில விழுது.

"நீயாடா?"

"ஆமாம்மா."

"இத்தனை நாள் வாயைத் திறக்கல?"

"நீ நாற்காலி மேல நின்னு பொதுவாத்தான் கேட்ட. என்னைப் பார்த்துக் கேட்கலையேம்மா."

நிஜம்தான். குப்பைத் தொட்டியைக்கூடக் கேட்டேன். இவனைக் கேட்கல. இவன் மூஞ்சி உங்க மூஞ்சி. அதைச் சந்தேகப்பட எனக்குத் தோணவே இல்ல.

அப்புறம் சொன்னான். ஆஸ்பத்திரியில நான் கேன்டீனுக்குக் கஞ்சி வாங்கப் போன நேரம் பார்த்து நீங்க அவனைக் கிட்ட கூப்பிட்டீங்களாம். "உங்கம்மா அந்தச் சிலுவையை ஒளிச்சு வைப்பா. எங்க வச்சாலும் நீ எடுத்துக் கோயில்ல குடுத்துடு. பிலோமினா பிள்ளை ஓலையைக் கேட்டு வாங்கினவன்டா நான். என் ஓலை வீட்ல தங்கிடுச்சுன்னா அந்தப் பிள்ளை மூஞ்சை நான் மேல போய் எப்படிப் பார்ப்பேன்? உங்கம்மாவா கேட்கறவரைக்கும் சொல்லாத. கேட்டா மறைக்காத." இதான் நீங்க சொன்னதாம். அன்னைக்குத் தண்ணி குடிக்கத் தெம்பில்லாம படுத்திருந்த ஆளு, எனக்குப் பின்னாடி இவ்வளவு திட்டம் போட்டிருக்கீங்க.

"கூடையில போடறதுக்கு முன்னாடி நானும் தடவிப் பார்த்தேன்மா"ன்னான் அருள். "பல்லு தட்டுப்பட்டுது." ரோட்டுல நின்னே அழுதான். அத்தனை பெரிய ஆம்பளை. அந்த ஊர்க்காரங்க பார்க்காத மாதிரிப் போனாங்க.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்தப் புதன்கிழமை ஏன் அப்படிப் பிடிவாதமாக் கூட்டிட்டுப் போனான்? என் மூக்கு மேல கொட்டினது யாரு?

வீட்டுக்குப் போனதும் ஷீபா கதவைத் திறந்தா. "நீ எடுக்கல"ன்னேன். "தெரியும் அத்தை"ன்னா. அவ்வளவுதான் பேசினோம். ஈஸ்டர் அன்னைக்கு எங்கேயோ தேடித் தலையோட ஒரு மீன் வாங்கிட்டு வந்தா. கண்ணைப் பார்த்தேன். பரவாயில்ல ரகம்.

வெயில் காலத்துல ஊருக்கு வந்துட்டேன். வந்த அன்னைக்கே பிலோமினா கூடையை இறக்கி வச்சுட்டு நடையில உக்காந்தா. "ஓல இன்னா ஆச்சு?"ன்னா. இதுக்காகவே மூட்டை கட்டிக்கிட்டு ஓடினேன், கடைசியில என்ன ஆச்சுன்னு சொன்னேன். சிரிப்பான்னு காத்திருந்தேன். சிரிக்கல.

"நெத்தியில வாங்கினியா?"

"வாங்கினேன், தெரியாம."

"எம் புள்ள ஓல சாம்பல நானு தெரிஞ்சே வாங்கினேன், லூர்து. மூஞ்சி கழுவவே மனசு வரல. அதான் சாக்க நான் எட்த்துக்கினேன். அண்ணன மாதிரி அதட்டி வாங்க எனக்கு வராது. குடுக்க மனசில்லாதவங்க கூட கொஞ்ச நேரம் குந்தினு இருக்கலாம்னுதான்."

அப்ப பொங்கலுக்கு எதுக்கு அப்படிச் சிரிச்சான்னு நான் கேட்கல. கேட்டிருக்கணுமோ?

குல்லாவை அவகிட்டக் காட்டல. பீரோவுல, என் கல்யாணப் புடவைக்கு அடியில இருக்கு. இந்த ஊர் வேக்காட்டுல கம்பளிக் குல்லா எதுக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க, பார்த்தாத்தானே. உள்பக்கம் அந்தச் சாம்பல் அப்படியே இருக்கு. தடவினா எதுவும் தட்டுப்படாது. ஆனாலும் தடவறேன்.

இன்னைக்கு உங்களுக்கு வருஷம். காலையில பூசை வச்சோம். சாமியார் உங்க பேரை வாசிச்சப்ப நான் வழக்கம்போல தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். வெளிய மழை.

ஒண்ணு சத்தியமாச் சொல்றேன். வர்ற சாம்பல் புதனுக்கு முன்னாடி, கூடவே கொண்டு வந்த அந்த ஜெர்மன் பூனைப்பாதக் குச்சியை என் கையாலயே பிலோமினா சாக்குல போடுவேன். அதுக்கப்புறம் வருஷா வருஷம் வர்ற ஓலையையும் ஒளிக்காம குடுப்பேன். குல்லாவை மட்டும் தர மாட்டேன். நான் கண்ணை மூடினதும் என் பெட்டிக்குள்ள, என் தலைமாட்டுல வைக்கச் சொல்லி ஷீபாகிட்டச் சொல்லியிருக்கேன். அருள்கிட்டச் சொல்லல. அவன் உங்க ஆளு.

மன்னிக்கணும்னு ஈஸ்டருக்கு முன்னாடி எல்லாக் கோயில்லயும் சொல்றாங்க. சரி, ஷீபா என்னை நேரா பார்த்ததை மன்னிச்சிட்டேன். பிலோமினாவோட சிரிப்பை மன்னிச்சிட்டேன். மேல் மாடிக் கிழவியைக்கூட மன்னிச்சிட்டேன். அருளை ஆத்தோரத்துலயே மன்னிச்சாச்சு. ஒரே ஒரு ஆளை மட்டும் மன்னிக்கறதா இல்ல. மன்னிச்சுட்டா அதோட கணக்கு முடிஞ்சுது, அப்புறம் தினமும் படத்துக்கு முன்னாடி நின்னு யார்கிட்டச் சண்டை போடறது? நான் அங்க நேர்ல வந்து கேட்கறவரைக்கும் இந்தக் கோவத்தைப் பத்திரமா வச்சிருப்பேன். பக்கத்துல நிக்கறவங்களைக் கேட்காம, முதல் தடவையா அந்தப் பேரை என் கையாலயே எழுதறேன்.

சவரிமுத்து.

இப்படிக்கு,
சண்டையை இன்னும் முடிக்காத உங்க சம்சாரம்,
லூர்து